கீபோர்டு பாபுவைக் கையும் களவுமாகப் பிடித்தேன்

சந்தேகப்படும் குணம் எனக்குக் கூடப்பிறந்தது. ஓட்டலில் சாம்பாரைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் இட்லியில் ஊற்றுவேன். ஊசி போடும் நர்ஸிடம் மருந்து பாட்டிலைக் காட்டச் சொல்வேன். இந்தக் குணத்தால் ஒருமுறை விழுப்புரத்தில், நிறைந்த மண்டபத்தில் என் மானம் போனது. (போனது என்ன, நானே கையைப் பிடித்து அனுப்பிவைத்தேன்.)

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் டேவிட் மாஸ்டரின் ஆர்கெஸ்ட்ராவில் வயலின். ஆறு வயலின், இரண்டு செல்லோ, ஏகப்பட்ட கர்வம். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய சிம்பொனி ஒன்றை நாங்கள் வாசித்தால், எங்கள் வீட்டுக்காரர்களே கேட்க வரமாட்டார்கள். அதற்குப் புது ரத்தம் ஏற்றலாம் என்று, கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கும் விழுப்புரத்து மெல்லிசைக் குழு ஒன்றை மாஸ்டர் கூட்டு சேர்த்தார்.

அதில் கீபோர்டு வாசித்த பாபுவைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் வாசிப்பு. ஆனாலும் ஒரு பிசிறு இல்லை. ஏதோ ரெக்கார்டைப் போட்டுவிட்டு விரலை ஆட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். ஒத்திகை முழுக்க அவன் கையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா, என்னையே பாத்துக்கினு இருக்கீங்க? டீ சொல்லட்டா?" என்றான். (குற்றவாளிகள் இப்படித்தான் அன்பாகப் பேசுவார்கள்.)

கச்சேரிக்குக் கண்டமங்கலத்திலிருந்து பெண் வீட்டார் வந்திருந்தார்கள். எனக்குப் பார்த்திருந்த பெண் ஜெயா, அப்பா அம்மாவோடு இரண்டாவது வரிசையில். "மாப்ள வயலின் வாசிப்பாராமே, மேடையிலயே பாத்துடறோம்" என்று அவள் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. போட்டோவில் பார்த்த நாளிலிருந்தே ஜெயாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டதால் இது போய்விடக் கூடாதே என்று வயலினுக்கு மூன்று தடவை சுருதி சேர்த்தேன்.

வாசிக்க ஆரம்பித்தோம். ஸ்பீக்கரில் வயலின் தேனாக ஓடியது. நான் இவ்வளவு நன்றாக வாசிப்பேன் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஜெயாவின் அப்பா தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, எனக்குப் பக்கத்திலேயே இருந்த பாபுவின் கீபோர்டுக்குப் பின்னால் ஒரு பென் டிரைவ் மினுக்கியது என் கண்ணில் பட்டது.

மாட்டினாயா மகனே! நோட்ஸில் எனக்கு மட்டும் நாலு வரி ஓய்வு வந்தது. வில்லை மடியில் வைத்தேன், கையை நீட்டினேன், பிடுங்கினேன்.

கீபோர்டு நிற்கவில்லை. வயலின்தான் நின்றது.

மற்ற ஐந்து பேரும் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்; சத்தம்தான் வெளியே வரவில்லை. அவசரமாக நானும் வில்லை எடுத்துச் சேர்ந்துகொண்டேன். வயலின் சத்தம் திடீரென்று போனதில் பதறிய மைக்செட்காரர், அதுவரை அணைத்து வைத்திருந்த எங்கள் மைக்குகளை முழுசாகத் திறந்துவிட்டார். துருப்பிடித்த ஆறு கேட்டுகளை ஒரே நேரத்தில் திறந்தது போல ஒரு சத்தம் மண்டபத்தை நிரப்பியது. முன்வரிசையில் தூங்கிய குழந்தை வீறிட்டது. ஜெயாவின் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பாபு டீ கிளாஸைக் கீழே வைத்தான். இரண்டு கைகளாலும், வயலின் பகுதி முழுவதையும் கேள்வி ஞானத்திலேயே கீபோர்டில் வாசித்து முடித்தான். கைதட்டல் அவனுக்கு.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மெட்ராஸ்ல ஆளை வச்சி ரெக்கார்டு பண்ண வயலின்டா அது! உங்க வாசிப்பை நம்பி எவன்டா மைக்கைத் திறப்பான்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றான் பாபு. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பென் டிரைவை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினேன்.

மறுநாள் ஜெயாவின் அப்பா போன் செய்தார். "பொண்ணு சரின்னுடுச்சிங்க. ஏன்னுதான் எங்களுக்குப் புரியல" என்றார். எனக்கும் சந்தேகம் வந்தது. (வராதா?) கல்யாணம் முடிந்த கையோடு ஜெயாவிடமே கேட்டேன்.

"பொய்யா வாசிச்சா பத்து நிமிஷத்துல தானே மாட்டிக்கிற ஆளு. இவரைக் கட்டிக்கினா பயமில்லாம இருக்கலாம்னு தோணுச்சி" என்றாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை உண்டு, காபிக்கு முன்னாலேயே. நேற்று சுகர் டெஸ்டுக்குக் கிளம்பும்போது, இரண்டு ஜிலேபியை முழுங்கியிருந்தும், எதையும் தொடவில்லை என்று ஜெயாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்பா, மைக் ஆன்ல இருக்கு."