பேசாமல் இருந்த மூன்று நாளும் சுண்டெலியின் பெட்டியும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம். நீயும் அத்தானும் நலமா என்று எழுதி முடிப்பதற்குள், “அதெல்லாம் இருக்கட்டும், என் பொண்ணு பாஸா இல்லையா” என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. வரிசையாகத்தான் சொல்வேன்.

நான் மெக்கானிக்காக இருக்கும் ஆய்வுக்கூடத்தில் உன் மகள் சுண்டெலி ஐந்து வருடமாக என்ன செய்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம், “ஏதோ லைட் வேலை” என்று மழுப்பி வந்தேன். இப்போது எனக்கே கொஞ்சம் புரிந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து ஒளித்துகள்கள் ஜோடி ஜோடியாகக் கிளம்பும். ஒன்று இந்த அறைக்கு, மற்றது அடுத்த அறைக்கு. சில ஜோடிகள் எவ்வளவு தூரம் பிரிந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்றைத் தனியாகச் சொல்லவே முடியாதாம். அதற்குக் குவாண்டம் பின்னல் என்று பெயர். பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று தெரியாமலேயே, பின்னல் உண்டா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் வந்தார். எதையும் தட்டிப் பார்த்தே நம்புகிறவர் என்பதால் எங்கள் கூடத்தில் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். சீல் வைத்த பெட்டியை மேசையில் வைத்து, “அஞ்சு மணிக்குள்ள பின்னல் இருக்கா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லும்மா” என்றார். தப்பாகச் சொன்னால் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். அறைக்கு ஒரு ஆள் வேண்டும், அன்று பார்த்து அவளுடைய கூட்டாளிகள் இருவருக்கும் காய்ச்சல். சுண்டெலி என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்களும் அத்தையும் இன்னும் பேசிக்கிறதில்லதானே?”

“மூணு நாளா இல்ல.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டு ரூம்லயும் இருக்கிறவங்க கலந்து பேசவே கூடாது. அத்தையக் கூட்டிட்டு வரேன்.”

உன் தம்பி மனைவி அதே கட்டடத்தில் டைப்பிஸ்ட் என்பது உனக்குத் தெரியும். சண்டைக்குக் காரணம் படுக்கையறைக் கதவு. ஊர்க் கதவுக்கெல்லாம் எண்ணெய் போடுகிற மெக்கானிக்கின் வீட்டுக் கதவு ஆறு மாதமாகக் கத்துகிறதாம். போகட்டும். இரண்டு அறைக்கும் இடையில் பலகைத் தடுப்பு, ஆளுக்கொரு கண்ணாடிச் சக்கரம், அதன் விளிம்பில் கோணத்துக்கு ஒரு எண். மணி அடித்ததும் சுழியத்திலிருந்து, மனதுக்குத் தோன்றிய எண் வரைக்கும் பல் பல்லாகத் திருப்ப வேண்டும், எண்ணை எழுத வேண்டும், விளக்கு எரிந்ததா இல்லையா என்று குறிக்க வேண்டும். இப்படி இருநூறு தடவை திருப்பினேன். நூறைத் தாண்டியபோது என் மனதில் எண்கள் தீர்ந்துவிட்டன. வீட்டு நம்பர், செருப்பு நம்பர் என்று சமாளித்தேன்.

இரண்டு நோட்டையும் ஒப்பிட்ட சுண்டெலி துள்ளினாள். “பின்னல் இருக்கு மாமா, எக்கச்சக்கமா இருக்கு.” சுத்தியலிடம் ஓடியவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். விடைகளை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தாள்.

“மாமா, இருநூறுல நூத்தி எழுபது தடவை ரெண்டு பேரும் ஒரே எண் போட்டிருக்கீங்க.”

“அதனால?”

“ரெண்டு பேரும் ஒரே கோணத்துல பார்த்தா, சம்பந்தமே இல்லாத வெளிச்சம்கூட ஒண்ணுக்கொண்ணு உறவு மாதிரி தெரியும். இதுல பெட்டி எது, நீங்க எதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது?”

அக்கா, அவள் கண்ணில் தண்ணீர். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சட்டைப் பொத்தான் தெறிக்கிற அளவுக்குப் பெருமை. இருபத்தாறு வருடக் குடித்தனம் சும்மாவா? தடுப்பைச் சுற்றி அவள் அத்தையிடம் போய், “பார்த்தியா, பேசாம இருந்தும் மனசு ஒண்ணாத்தான் ஓடியிருக்கு” என்றேன். “ம்” என்றாள். மூன்று நாளில் முதல் சத்தம்.

அப்புறம் வாட்ச்மேனிடமிருந்து இரண்டு பகடை வாங்கி, மனதை நம்பாமல் பகடை சொன்ன எண்ணுக்கே திருப்பினோம். நாலே முக்காலுக்கு, பின்னல் இருப்பதாகக் காட்டிய கணக்கு பொத்தென்று கீழே விழுந்தது. சுண்டெலி போய், “இல்லை” என்றாள். சுத்தியல் சீலை உடைத்தார். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத இரண்டு விளக்குகள். உன் மகள் பாஸ். முதல் நோட்டைப் பார்த்துச் சிரித்த சுத்தியல், “இதையும் ஆய்வேட்டுல சேர்த்துடு. நீண்ட நாள் தம்பதிகளை அளவெடுக்க உட்கார வைக்கக் கூடாதுன்னு எழுது” என்றார். சேர்த்துவிட்டாள். நாங்கள் இப்போது விஞ்ஞானத்தில் ஒரு பத்தி.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு என் விசாரிப்பு. எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கும்,

உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பெருமையாக உன் தம்பி மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். “மனசும் இல்ல, மண்ணும் இல்ல” என்கிறாள். “உங்க சக்கரம் எண்ணெயே பார்க்காம ஒவ்வொரு பல்லுக்கும் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. இந்தப் பக்கம் எண்ணிக்கிட்டே நானும் அதையே திருப்பினேன். நம்பர் யோசிக்கிறதா எனக்கு வேலை?” மீதி முப்பதுக்கு ஃபோன் வந்து எண்ண விட்டுப்போய்விட்டதாம். அந்த “ம்” பதில் இல்லையாம், தும்மல் வரப் பார்த்ததாம். ஆய்வேடு அச்சுக்குப் போய்விட்டது, சுண்டெலியிடம் மூச்சு விடாதே. வீட்டுக் கதவுக்கு இன்று காலை எண்ணெய் போட்டாயிற்று.