ஒன்பது மூட்டையும் ஒரு படகும்

எனக்கு மூட்டை கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கட்ட நன்றாகத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு கட்டைப்பை, அதற்குள் ஒரு சின்னப் பை (அதற்குள் என்ன என்று கேட்காதீர்கள், இன்னொரு பை).

போன சித்திரையில் கேரளா போனோம். நானும், என் வீட்டுக்காரரும், மகள் நந்தினியும். அவர் நாமக்கல்லிலிருந்து வடக்கே லாரி ஓட்டுகிறவர். பாதி வருஷம் லாரியிலேயே தூக்கம். அதுவும் எவனாவது தார்ப்பாயை அறுத்துச் சரக்கைத் தூக்கிவிடுவானோ என்று அரைத் தூக்கம். கல்யாணமான நாளாக வாய் திறந்து எதையும் கேட்காத மனுஷன், அந்தத் தடவை கேட்டார்.

"ஏம்புள்ள, அங்க ஆத்துல படகு போகுதாமா. வேற எவனோ ஓட்டட்டும், நான் சும்மா ஒக்காந்துக்கிட்டு வாரேன். சுமையே வேண்டாம். ரெண்டு வேட்டி, ஒரு துண்டு போதும்."

"ஆகட்டுங்க" என்றேன். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை.

வெயில் கொளுத்துமே! லாட்ஜில் காற்று வராவிட்டால்? டேபிள் ஃபேனை எடுத்து வைத்தேன். அந்த ஊர்த் தண்ணீர் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? பெரிய கேன் நிறைய வீட்டுத் தண்ணீர். தாகத்துக்குத் தர்பூசணி, பசிக்குப் புளிசாதம், அவித்த முட்டை (நாமக்கல்காரி முட்டையில்லாமல் கிளம்பினால் ஊர் சிரிக்காதா?), அப்புறம் குக்கர். ரயிலில் ஏசி குளிர்ந்தால் என்ன செய்வது என்று கம்பளி வேறு. சேலம் ஜங்ஷனில் ஆட்டோவிலிருந்து ஒன்பது உருப்படிகளை இறக்கியபோது டிரைவர், "ஊட்டையே காலி பண்ணிட்டுப் போறீங்களா சாமி?" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன்.

விடிகாலையில் போய் இறங்கினால், மத்தியானம்தான் ரூம் கிடைக்கும் என்றார்கள் லாட்ஜில். மூட்டை வைக்கவும் இடமில்லையாம். படகுக்கோ காலையிலேயே டிக்கெட் போட்டிருந்தோம். ஒன்பதையும் சுமந்துகொண்டு படகுத்துறைக்குப் போனோம். முட்டை அதற்குள் மணக்க ஆரம்பித்திருந்தது.

படகுக்காரர் ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லக்கேஜ் பற்றில்ல சேச்சி." ஏற்ற முடியாதாம். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை.

"கரையிலயே கிடக்கட்டும்மா, அந்த ஃபேனை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?" என்றாள் நந்தினி. ஆனால் லோடைத் தனியாக விட்டுவிட்டுப் போய் அவருக்குப் பழக்கமே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க போங்க, நான் நிக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேனே! "ஆனா எனக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாதுங்க, தனியா எப்படி நிக்கறது?" என்று கூடவே சேர்த்துச் சொன்னேன். அப்படிச் சொன்னால் எந்தப் புருஷன் போவார்?

படகு நகர்ந்தது. இரண்டு கரையிலும் தென்னை, சிலுசிலுவென்று காற்று. ஃபேனே வேண்டாம். நான் திரும்பிப் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்து, கம்பளி மூட்டையை ஒரு காலால் அணைத்துக்கொண்டு, எங்களுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆற்றில் அதற்குப் பிறகு என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இறங்கியதும் கேட்டார், "எப்படி புள்ள இருந்துச்சு?"

"அப்படியொண்ணும் இல்லீங்க" என்று பொய் சொன்னேன்.

"அப்பச் சரி" என்று நிம்மதியாக எழுந்து, கேனைத் தோளில் தூக்கினார். கோடை விடுமுறை என்பதால் அன்றைக்கு வேறு படகில் இடமில்லை. மறுநாள் அவரை ஏற்றிவிடலாம் என்றிருந்தேன். பொழுது விடியும் முன்பே முதலாளியின் போன் வந்துவிட்டது, லோடு ரெடி என்று. கிளம்பிவிட்டோம். இன்னொரு லீவு இன்னும் அமையவில்லை.

படகில் நந்தினி எடுத்த போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்பார்கள். நந்தினி ஓடி வந்து, எங்களுக்குப் பின்னால் தூரத்துக் கரையில் மிளகளவு தெரியும் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுவாள். "இங்கதான் இருக்கறாருங்க. லோடு எறங்காம நகர மாட்டாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் ஊரில் இருந்தால் அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். அந்த நேரம் பார்த்து எனக்கு மட்டும் அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.