லேஞ்சி போட்டுப் பிடித்த பிஸ்னஸ் கிளாஸ்

ஹட்டன் பஸ் நிலையத்தில் இடம் பிடித்துப் பழகியவனுக்கு, உலகத்தில் எந்த வாகனத்திலும் இடம் பிடித்துவிடலாம் என்று ஒரு திமிர் வந்துவிடும். எனக்கும் இருந்தது. (இப்போது இல்லை. எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.)

முறை தெரியாதவர்களுக்கு முதலில் அதை விளக்கிவிடுகிறேன். பஸ் திரும்பி நிற்பதற்குள் ஜன்னல் வழியாக லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, ஒரு சீட்டில் போட்டுவிட வேண்டும். அப்புறம் ஆற அமர ஏறலாம். லேஞ்சி கிடக்கிற சீட்டில் இன்னொருவர் உட்காரமாட்டார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துக்கொண்ட சட்டம் மலைநாட்டில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கொட்டகலையில் வாத்தியார் வேலை பார்த்த நான், இந்தக் கலையில் கொஞ்சம் பெயர் எடுத்தவன்.

போரை நிறுத்திச் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். என் மனைவி சாந்தியின் அண்ணன் டோஹாவில் ஒரு பணக்கார அரபிக்குச் சமையல்காரர். அந்த முதலாளி ஊர் ஊராகப் பறந்து சேர்த்து வைத்திருந்த விமான மைல்களில், "தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் கூப்பிடு" என்று இரண்டு பிஸ்னஸ் கிளாஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார். அதுவரை நான் ரயிலில்கூட மூன்றாம் வகுப்பைத் தாண்டியவனில்லை.

சாந்தி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வரிசை வீட்டின் கதவைத் திறந்தால் எதிரே சிவனொளிபாத மலை. காலையில் மேகம் இல்லாவிட்டால், இடது பக்க ஜன்னலில் அந்த மலை தெரியும் என்று அண்ணன் போனில் சொல்லி வைத்திருந்தார்.

"ஏரோப்ளேன்ல வேற ஒண்ணும் வேணாங்க. அந்த மலைய மட்டும் மேல இருந்து காட்டிருங்க," என்றாள் சாந்தி. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. அதனால் மார்தட்டி வாக்குக் கொடுத்தேன்.

ஹட்டன் டிக்கெட் ஏஜென்சிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இது மைல் டிக்கெட், ஜன்னல் சீட்டை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தனியாகக் கட்ட வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓசி டிக்கெட்டுக்கு யாராவது காசு கட்டுவார்களா? அதுவும் நானா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த சிவராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சகோதரங்கள் எல்லாம் வெளிநாட்டில். விமான விஷயத்தில் அவர்தான் எங்களுக்கு மேல்கோர்ட்டு.

"காசு ஒண்டும் கட்டாதேயும். முதல் ஆளாப் போய் நிண்டு, ஜன்னல் சீட் எண்டு சிரிச்சுக் கேளும். சும்மாவே தருவினம்," என்றார்.

அருமையான யோசனை. அதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. விமான நிலையத்தில் முதல் ஆளாகப் போய் நின்றேன். (கவுண்டரைத் திறக்கவே நேரம் இருந்தது. கூட்டுகிற அம்மா எங்களைச் சுற்றிக் கூட்டினார்.) தாடை சுளுக்குமளவுக்குச் சிரித்தேன். கவுண்டர் பெண்ணும் சிரித்தாள். மூன்றாம் வரிசையில் இடது பக்க ஜன்னல் இருக்கிறது, முன் வரிசையிலும் இரண்டு சீட் இருக்கிறது, எது வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இங்கேதான் பஸ் மூளை குறுக்கே வந்தது. பின்னால் போகப் போக டயர் தூக்கிப் போடும், கினிகத்தேனை வளைவுகளில் குடல் வாய்க்கு வரும் என்பது எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டிரைவருக்குப் பின்னால்தான் ராஜ சீட். முன் வரிசையே வேண்டும் என்று அடித்துச் சொன்னேன். அவள் "நடுவில்" என்று ஏதோ சொன்னாள். முன் வரிசை கிடைத்த சந்தோஷத்தில் அது காதில் ஏறவில்லை. வரிசைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட், அதில் ஒன்று ஜன்னல் என்பதுதானே என் கணக்கு.

விமானத்தில் பின் கதவு வழியாக ஏறி முன்னால் நடந்தோம். எங்கள் முன் வரிசை சீட்டுகள் இரண்டும் பணிப்பெண் கை காட்டிய இடத்தில், கூடத்தின் நட்டநடுவில் இருந்தன. அங்கேயிருந்து ஜன்னல் எட்டாத தூரம்.

"ஜன்னல் எங்கங்க?" என்று சாந்தி மெதுவாகக் கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் நான் சுற்றுமுற்றும் தேடினேன். முன் வரிசையில் இடது ஜன்னல் சீட்டின் முதுகு தெரிந்தது. அதற்கு மேல் தலை எதுவும் தெரியவில்லை. காலி. ஆனால் நடைபாதையை ஒரு கனத்த மனிதர் பெட்டியோடு அடைத்துக்கொண்டு நின்றார், எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து, கனத்த மனிதரின் தோளுக்கு மேலாக, குறி பிசகாமல் அந்தச் சீட்டில் போட்டேன்.

சீட் நிமிர்ந்தது. அதாவது, காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். அவருடைய வழுக்கைத் தலையில் என் லேஞ்சி, யூக்கலிப்டஸ் தைல வாசத்தோடு, முக்காடு போட்டிருந்தது. (சளித் தடிமனுக்கு நான் தேய்த்தது. சுத்தமான லேஞ்சி என்று சொல்ல வாய் வரவில்லை.) பணிப்பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். சாந்தி இரண்டு அடி தள்ளி நின்று, என்னை யாரென்றே தெரியாத மாதிரி கூரையைப் பார்த்தாள்.

பெரியவர் லேஞ்சியை இரண்டு விரலால் எடுத்தார். "மேக்க ஒயாகெத?" என்று, இது உங்களுடையதா என்று, சிங்களத்தில் கேட்டார். தலையாட்டினேன். எந்த ஊர் என்றார். ஹட்டன் என்றேன். அவருடைய கண் என் முகத்திலேயே நின்றது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது, விமானமோ இன்னும் பூமியில்தான் நின்றது. என் வாத்தியார் வேலை, சாந்தி, மலை, ஜன்னல் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இளவயதில் ஹட்டனில் வங்கியில் வேலை பார்த்தவராம். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்டி பஸ்ஸுக்கு லேஞ்சி போட்டவராம். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவர், சாந்தியைப் பார்த்து, தெரிந்த தமிழில் சொன்னார்:

"லேஞ்சி போட்டா சீட் ஒங்களுக்குத்தான். வாங்க மகள், ஒக்காருங்க."

அவர் நீட்டிய லேஞ்சியை வாங்கிக்கொண்டு சாந்தி ஜன்னலுக்குப் போனாள். அவர் சாந்தியின் சீட்டுக்கு, என் பக்கத்துக்கு வந்தார். டோஹா வரைக்கும் என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பணிப்பெண் இடுக்கியால் சூடான துவாலை கொண்டுவந்து நீட்டியபோது, "மாஸ்டர், இத எங்கயும் போட்டுறாதீங்க," என்றார் அவர். அந்தப் பெண் தட்டோடு திரும்பி நின்று சிரித்தாள்.

விமானம் கிளம்பியபோது எனக்கு சாந்தியின் கொண்டையும் ஒரு கையும் மட்டும்தான் தெரிந்தன. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தவள் நெடுநேரம் எடுக்கவில்லை. அந்தக் கையில் என் லேஞ்சி இருந்தது. முதலில் கண்ணாடியைத் துடைத்தாள், அப்புறம் கண்ணை. நானும் மூக்கை உறிஞ்சினேன். தடிமன்தான் என்று பெரியவரிடம் சொன்னேன்.

டோஹாவில் இறங்கியதும் மலை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நம்ம லயத்து வாசல்ல இருந்து பாக்குற மாதிரியேதாங்க இருந்துச்சு. நாமதான் ஒசரத்துல இருந்தோம்," என்றாள்.

நான் பார்க்கவேயில்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், முன் வரிசை நாற்காலி ஒன்றில் எனக்கென்று ஒரு லேஞ்சி கிடக்கும். மைத்துனரின் வேலை. போன மாதம் மகள் சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாள். "அப்பா, சீட்டுக்குத் தனியாக் கட்டவா, இல்ல ஒங்க லேஞ்சிய தர்றீங்களா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து, தாளிக்கிற சத்தத்துக்கு மேலே, சாந்தியின் குரல் வந்தது.

"லேஞ்சியவே குடுங்க. யாரும் குனிஞ்சிருக்காங்களான்னு பாத்துட்டுப் போடச் சொல்லுங்க."