ஆறிப்போன காப்பி

ஃபாயிஸின் முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பெண் கேட்க வந்தவன் சம்மதம் கிடைக்கும்வரை கோப்பையைத் தொடக்கூடாது. அம்மானில் அதுதான் வழக்கம்.

"பெரியவங்க யாரும் வரலையாண்ணே?" என்றான் கீழ்வீட்டு நாயிஃப்.

பெண் கேட்க ஒரு கூட்டமே திரண்டு வரவேண்டும். ஃபாயிஸுக்குக் கூட்டிவர யாருமில்லை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்கிறவன்.

"இதுதான் நம்ம பெரியவர்" என்று டேப்லெட்டை மேசைமேல் நிறுத்தினான். அரபியில் பேசினால், அதன் திரையில் தெரியும் பொம்மை அதைச் சைகை மொழியில் சொல்லும்.

எதிரே நாயிஃபின் அக்கா ருபா. காது கேட்காதவள். காலையில் ஏதோ கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். படிக்கட்டில் பார்த்தால் புன்னகைப்பாள். அந்தப் புன்னகைதான் அவனை இங்கே கொண்டுவந்தது.

"நானே சைகையில சொல்லிடட்டுமா?" என்றான் நாயிஃப்.

"வேணாம் தம்பி. நானே கேக்கணும்."

வீட்டில் பேசுகிற அரபியில் ஆரம்பித்தான். பொம்மை அசையவில்லை. அதற்கு வீட்டுப் பேச்சு புரியாது, செய்தியில் வாசிக்கிற இலக்கண அரபிதான் தெரியும்.

செய்தி வாசிப்பவர் குரலில், "என் இல்லத்தில் ஒரு நாற்காலி காலியாக உள்ளது" என்றான். பொம்மை கையை ஆட்டியது. ருபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பியைப் பார்த்துச் சைகையில் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"நாற்காலியை விக்கப் போறீங்களான்னு கேக்குறா."

முறைப்படிதான் போவோம் என்று பெரியவர்கள் பேசுவதுபோல் இறைவனைப் புகழ்ந்து, குடும்பத்தை வாழ்த்தி ஆரம்பித்தான். பொம்மை எதையும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தது.

"அது இன்னும் வாழ்த்தையே முடிக்கலைண்ணே."

ருபா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனுக்கு அழுகை வந்தது.

"நான் தனியாக இருக்கிறேன். இனி முடியவில்லை. என்னோடு இருப்பீர்களா?"

பொம்மை அதை மட்டும் சுருக்கமாகச் சொன்னது. ருபாவின் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். ஃபாயிஸ் டேப்லெட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

"உக்காருங்கண்ணே, நீங்க குடிக்கச் சூடா வேற காப்பி போடத்தான் போயிருக்கா" என்றான் நாயிஃப். "கம்பெனியில அவ கையைப் படம் பிடிச்சுத்தான் அந்தப் பொம்மையையே செஞ்சாங்க. தன் கையே வந்து தன்னைப் பொண்ணு கேட்டா, பாவம், அவ சிரிக்காம என்ன பண்ணுவா?"