எறும்பையாவின் வெள்ளை டைல்ஸ்

எறும்பு பொய் சொல்லாது என்று ஊரே சொன்னது. எறும்பு எதுவுமே சொல்லாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எறும்புகளை வைத்துக் குறி சொல்கிற எறும்பையாவின் வாசலில், விடிவதற்குள் ஆட்களின் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். ஆளுக்கொரு சர்க்கரைப் பொட்டலம். காணிக்கை எறும்புகளுக்குத்தானாம், எறும்பையா கையால் தொடமாட்டாராம். சாயங்காலம் ஆனதும் பொட்டலமெல்லாம் எதிர்த்த மளிகைக் கடைக்கே போய்ச் சேர்ந்துவிடும். எறும்புகள்தான் சுமந்துகொண்டு போயிருக்க வேண்டும்.

நடு அறையில் ஒரு வெள்ளை டைல்ஸ். அதற்கு வலப்பக்கம் தரையில் 'ஆம்' என்று ஓர் அட்டை, இடப்பக்கம் 'இல்லை' என்று ஓர் அட்டை. கேள்வி கேட்டதும் எறும்பையா கண்ணை மூடுவார். விரலால் டைல்ஸைத் தடவி ஆசி கொடுப்பார். நடுவில் தீப்பெட்டியைத் திறப்பார். எறும்புகள் கொஞ்சம் தடுமாறிவிட்டு வரிசை பிடித்து ஒரு பக்கம் போகும். கூட்டம் உருகிவிடும்.

கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் ஒருத்தி அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். இழுத்துக்கொண்டு வந்தவன் அவள் புருஷன், மூட்டை தூக்குகிறவன். அவனுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணாமல் இன்னொரு மூட்டை தூக்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. எறும்புகளோ மூன்று வாரமாக 'இல்லை' என்கின்றன. ஆபரேஷன் முடிந்தால் கேள்வி முடிந்துவிடும். கேள்வி முடிந்தால் சர்க்கரை நின்றுவிடும். எறும்புகளுக்கும் கவலை இருக்காதா?

"இன்னைக்கும் வேணாம்னு வந்துட்டா நாளைக்கு லோடுக்குப் போயிடுவேன்" என்றான் அவன்.

அவள் எறும்பையாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிக்கு முன்னால் அது மடியிலிருந்த கிண்ணத்துக்குள் ஒருதரம் போய் வந்தது. டைல்ஸின் நடுவிலிருந்து 'இல்லை' பக்கம் பிசுபிசுவென்று ஒரு கோடு மின்னியது.

நாள் பூராவும் டைல்ஸ் சுமந்து, கழுவி, துடைக்கிறவளுக்கு அது தெரியாதா? வீட்டிலும் அடுப்பு மேடையோரம் எறும்புகளோடு மல்லுக்கட்டுகிறவள்தான். காய் நறுக்குகிற பலகையில் சிந்திய டீ எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் வரிசை போகும். பலகையைத் திருப்பி வைத்தால் வரிசையும் திரும்பும். இதற்கு ஞானதிருஷ்டி வேண்டாம், சோறு வேகிற நேரம் குந்திப் பார்த்தால் போதும்.

"சாமி, டைல்ஸ அரைச் சுத்து சுத்தி வச்சுக்கவா?"

"தொடாதே! எறும்புக்குக் கோபம் வரும்!"

"வந்தா கடிக்கும். கடிச்சுட்டுப் போகட்டும்."

அவர் கை நீட்டுவதற்குள் சுற்றிவிட்டாள். தீப்பெட்டியையும் அவளே திறந்தாள். எறும்புகள் தடுமாறின, வரிசை பிடித்தன, 'ஆம்' பக்கம் போயின.

புருஷன் வாயைப் பிளந்தான். "அடியேய், எறும்பே ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லுதுடி!"

"நீ திருந்தவே மாட்டியாய்யா?"

மறுபடி சுற்றினாள். 'இல்லை.' இன்னொருதரம். 'ஆம்.' எறும்புகளை ஊதி ஒதுக்கிவிட்டு, சும்மாட்டுத் துணியை நனைத்து டைல்ஸை அழுத்தித் துடைத்தாள். எறும்புகள் நாலாபக்கமும் சிதறின. கொஞ்ச நேரம் தேடின. பிறகு ஒரே முடிவாக எறும்பையாவின் விரலில் ஏறின. ஞானி துள்ளி எழுந்தார். கிண்ணம் உருண்டது.

கூட்டத்திலிருந்த டீக்கடைக்காரர் ஒருவர் சிந்தியதைத் தொட்டு நக்கிப் பார்த்தார். "சர்க்கரைப் பாகு. நம்ம கடைல போடுறதவிட கெட்டியா இருக்கு."

எறும்பையா பின்கட்டு வழியாக மறைந்தார். புருஷன் தலையைச் சொறிந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்தான்... நேரம் நல்லா இருக்கணுமே?"

"டாக்டர் இருக்கிற நேரம் நல்ல நேரம். நட."

கூட்டமோ, கொடுத்த சர்க்கரையைத் திருப்பித் தரச் சொல்லிக் கூச்சல் போட்டது. அடகு வைத்த மூளையைத் திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீங்களாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.