இரண்டு எஞ்சின் பூட்டிய வண்டி

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் உங்களைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

சண்டை வந்த கதை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுக்காரர்கள் இருவரும் ஆளுக்கொரு பொம்மை ரயில் எஞ்சினை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்து, முன்னால் உங்களுடையது, பின்னால் எங்களுடையது என்று ஒரே வண்டிக்குப் பூட்டி ஓட்டினார்கள். வண்டி திணறித் திணறிப் போய்க் கவிழ்ந்தது. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "உங்க எஞ்சின் வெறும் சுமைங்க, என்னோடதுதான் அதையும் சேத்துத் தள்ளுது" என்றார். பாதிக் காப்பியில் எழுந்து போனவர்தான் உங்கள் வீட்டுக்காரர். எஞ்சினைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நம் பேத்தியோ ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வெளியூர் கிளம்புகிறாள். அதற்குள் இரண்டு தாத்தாவும் ஒன்றாக உட்கார்ந்து அந்த வண்டியை ஓட்டுவதைப் பார்க்காமல் போனால் அவளுக்கு மனசே ஆறாதாம்.

அதனால்தான் அவள் இரண்டு எஞ்சினையும் பிரித்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குப் புரிந்தமட்டும் எழுதுகிறேன். உள்ளே சுழலும் சக்கரத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை பூசி, எதிரே உளுந்து அளவில் ஒரு சென்சாரை ஒட்ட வேண்டும். அது வெளிச்சம் அடித்து, வெள்ளை எத்தனை தடவை வந்து போகிறது என்று எண்ணி வேகத்தைச் சொல்லும். வேகம் தெரிந்தால் இரண்டையும் ஒன்றுபோல ஓட வைக்கலாம். கை துளிகூட நடுங்காமல் அவள் ஒட்டினாள் பாருங்கள், அந்தக் கை எங்கள் வழி, தப்பாக நினைக்காதீர்கள்.

அவள் பாட்டுக்குச் செய்ய விட்டிருந்தால் நானும் பிழைத்திருப்பேன். இவர் உதவிக்கு வந்துவிட்டார். கறுப்பு பூசச் சொன்னால் பளபளவென்று மின்னுகிற கறுப்பைப் பூசினார். அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க, சென்சாருக்கு எல்லாமே வெள்ளையாகி, ஓடுகிற எஞ்சினை நிற்கிறது என்றது. சுரண்டிவிட்டு மறுபடி பூசி, மேல்மூடி போடாமலே டியூப்லைட்டைப் போட்டார். டியூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியுமாம், அதையும் சேர்த்து எண்ணி, இப்போது நிற்கிற எஞ்சின் பறக்கிறது என்றது. இவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியே விட்டார். அப்புறம் வீட்டில் விளக்கும் கிடையாது, திரையும் திறப்பது கிடையாது. இருட்டில் பாலில் உப்பைப் போட்டேன். குடித்துவிட்டுச் சுகமாக இருக்கிறது என்கிறார் இவர். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது.

கடைசியில் மூடி போட்டுத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம். எங்களுடையதுதான் மெது. பேத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "தாத்தா, நாம தள்ளவே இல்ல. அவங்க எஞ்சின்தான் நம்மளயும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கு." சென்சார்களை இடம் மாற்றியும் பார்த்தாள், அதே கதைதான். காலையிலிருந்து இவர் செய்தித்தாளில் ஒரே பக்கத்தைப் படிக்கிறார். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்றால், "தப்பு எஞ்சின் மேலதானே, நான் எதுக்குப் போகணும்" என்கிறார். ஆனால் உங்கள் எஞ்சினை மட்டும் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.

ஆகையால் நீங்கள்தான் ஏதாவது காரணம் சொல்லி உங்கள் வீட்டுக்காரரை இங்கே அனுப்பிவைக்க வேண்டும். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் வீட்டுக்காரரே வாசலில் நிற்கிறார். பேத்தி போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. "சம்பந்தி, என்னோடத கொஞ்சம் மெதுவாக்கிட்டா ரெண்டும் சேந்து போயிடும்" என்றார். இவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வண்டி கவிழாமல் சுற்றுகிறது, பேத்தி சிரிக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இருவரும் சேர்த்து வைத்திருக்கிற மிச்ச பொம்மை எஞ்சின் அத்தனைக்கும் சென்சார் வைக்கப் போகிறார்களாம். தயவுசெய்து அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தலையணையும் கொண்டுவந்திருக்கிறார்.