உருண்டை எழுத்தின் பெருமை

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க அதன் எழுத்து எவ்வளவு தடிப்பு என்று பார்த்தால் போதும். அந்த அளவையில் 1997ஆம் ஆண்டு உலகத்துக்கே முன்னால் நின்றது வன்னியிலுள்ள உடையார்கட்டுதான். காரணம், அங்கே சங்கிலி இருந்தான்.

சங்கிலி பெயர்ப்பலகை எழுதுகிறவன். மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சியில் வேரூன்றிய குடும்பம். போரில் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தபோது அவன் தூக்கி வந்தது இரண்டு தூரிகையும் ஒரு ரின்பால் தகரப் பேணியும். மனைவி மீனம்மா தூக்கி வந்தது ஒரு குடம். பேணியைக் கவிழ்த்து வளைவு போடுவான். ரூபாய்க் குத்திக் காசை வைத்து முனைகளை மழுக்குவான். பெயின்ற் கிடைக்காத காலம், பழைய பற்றரிக் கரியைக் குழைத்து உள்ளே நிரப்புவான். வருகிற எழுத்துக்கு மூலையும் இல்லை, முள்ளும் இல்லை. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும்.

அதன் பயனை முதலில் கண்டவர் பேக்கரி அந்தோனிமுத்து. மா வராத நாட்களில் "பாண் இல்லை" என்று சோக்கட்டியால் கிறுக்கி வைப்பார். சனம் அவருடைய பரம்பரையையே இழுத்து ஏசிவிட்டுப் போகும். அதையே சங்கிலி உருண்டையாக எழுதிக் கொடுத்தான். ஏச்சு நின்றது.

"இல்லை எண்டதை இவ்வளவு அன்பா ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை," என்று ஒரு கிழவர் கண்கலங்கிப் போனார்.

செய்தி 'நலன்புரி ஒருங்கிணைப்புச் செயலக'த்துக்கு எட்டியது. பணிப்பாளர் விமலேஸ்வரி மேடம், நிவாரணம் பாதியாக வெட்டப்பட்ட அறிவித்தலைச் சங்கிலியிடம் ஒப்படைத்தார். அவன் எழுதி மாட்டினான். ஒரு கல்கூட வந்து விழவில்லை. அன்றே அவனுக்கு 'எழுத்து ஆலோசகர்' பதவியும் கூட்டத்தில் உட்கார ஒரு கதிரையும் கிடைத்தன. கதிரை சும்மா விடுமா? நடையே மாறிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கிணற்று விவகாரம் வந்தது. சங்கிலியின் குடியிருப்பில் நாற்பது குடும்பம். தண்ணீருக்கு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், நடக்க வேண்டும். மீனம்மா முன்னுக்கு நிற்க, பெண்களே சேர்ந்து பதினெட்டு அடி தோண்டித் தண்ணீரும் கண்டுவிட்டார்கள். மாரி மழைக்கு முன் உட்சுவர் கட்டாவிட்டால் குழி இடிந்து மூடிவிடும். பொருளாதாரத் தடையால் சீமெந்தைக் கண்ணால் காண முடியாத அந்த நாளில், செயலகம் எப்படியோ பத்து மூடைக்கு அனுமதி எடுத்துவிட்டது.

உடனே கூட்டம் கூடியது. கிணற்றைப் பற்றி அல்ல, கிணற்றுக்கு வைக்கும் பலகையைப் பற்றி.

"கொழும்பில இருந்து பிரதிநிதிகள் வருகினம்," என்றார் மேடம். "அவை வாகனத்தால இறங்கமாட்டினம். ஓடுற வாகனத்தில இருந்தே 'குடிநீர்க் கிணற்றுத் திட்டம்' எண்டு வாசிக்க வேணும்."

"நாலடிப் பலகை காணுந்தானே?" என்றார் தச்சுவேலை ராசு. "எழுத்தைச் சுருக்கினாச் சரி."

சங்கிலி எழுந்து நின்றான். மீனம்மாவின் குடம் அந்தக் கணத்தில் அவன் ஞாபகத்தில் இல்லை.

"சுருக்கேலாது! தடிச்ச எழுத்தைச் சுருக்கினா சுழியெல்லாம் அடைஞ்சு கரிக்கட்டியாப் போயிடும். பன்னிரண்டடி வேணும்."

"அடிக்கிற கச்சான் காத்துக்குப் பன்னிரண்டடி நிக்குமே?" என்று கேட்டார் ராசு.

"காலுக்குக் கொங்கிறீற் போட்டா நிக்கும்."

ராசு விரல் மடித்துப் பார்த்தார். "எட்டு மூடை போகும்."

"மிச்சம் ரெண்டுக்கும் பிரதிநிதிகள் ஏறி நிக்க ஒரு மேடை கட்டுவம்," என்றார் மேடம்.

"இறங்கமாட்டினம் எண்டு சொன்னனீங்கள்?"

"இறங்கிப்போட்டினம் எண்டால்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சங்கிலியும் கையைத் தூக்கினான்.

பலகை எழுந்தது. வாகனம் வந்தது, கொஞ்சம் மெதுவாகப் போனது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமரா மின்னியது. 'திட்டம் தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரிகிறது' என்று அறிக்கை பாராட்டியது. அது உண்மைதான். ஒரு எழுத்தின் சுழிகூட அடைபடவில்லை.

அடுத்த கிழமை மாரி தொடங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம், பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்கக் குழி இடிந்து மூடியது. மீனம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டை நடந்தாள். சங்கிலி அவள் போவதைப் பார்த்தான். செயலகத்துக்கு ஓடினான்.

"மேடம், கிணறு இடிஞ்சு போச்சு."

"ஓம், அறிஞ்சனான். சரியான கவலை. சனத்துக்குப் பக்குவமாச் சொல்ல வேணும். அதுக்கு உம்மை விட்டால் ஆர் இருக்கினம்? 'கிணறு இல்லை' எண்டு நல்ல உருண்டையா எழுதும்."

எழுதினான். பெரிய பலகைக்குக் கீழே மாட்டினான். முப்பத்தொன்பது குடும்பமும் வந்து வாசித்துவிட்டு, ஏசாமல், கல்லெறியாமல், அமைதியாகக் கலைந்து போனது. உருண்டை எழுத்தின் சரித்திரத்தில் இது மூன்றாவது வெற்றி.

மீனம்மா மட்டும் போகவில்லை. வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் பார்த்தாள்.

"எப்புடி, நல்லா வந்திருக்கா?" என்று கேட்டான் சங்கிலி. பழக்கதோஷம்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க," என்றாள் அவள். "நாமெல்லாம் எலும்பும் தோலுமாக் கெடக்கோம், ஒங்க எழுத்துக்கு மட்டும் எப்புடி இம்புட்டு ஒடம்பு வச்சுதுன்னு யோசிப்பேன். இப்பதான் வெளங்குது. நாப்பது குடும்பத்துக் கெணத்த ஒத்தையாத் தின்னுருக்கு."